அரண்மனையும் அடுக்களையும்: பேர்ள் பக்கின் சீன அரசவை நாவல் குறித்துச் சில சிந்தனைகள்

வரலாற்று நாவல் என்ற பெயரில் நம்மிடையே பெருவழக்காயிருப்பவற்றுட் பெரும்பாலானவை வரலாற்றுப் பின்னணியிலமைந்த காதற் கதைகளே என்பது புதிதாகச் சொல்லப்பட வேண்டிய செய்தியன்று. கல்கி, சாண்டில்யன் முதலியோரின் ஆக்கங்களைப் பற்றிய விவாதங்களில் இக்கருத்துப் பல்லாண்டுகளாக எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளது. எனினும் அவ்விவாதங்களில் ஒரு குறை இருந்ததாகவே நமக்குத் தோன்றுகின்றது. 'இங்கு வரலாறு இல்லை' என்று கூறியதோடு நாம் நின்றுவிட்டோம். இருந்த வரலாறு எவ்வாறு இல்லாமற் செய்யப்படுகின்றது, எத்தகைய கதையமைப்பினால், எவருடைய மனநிறைவுக்காக என்னும் வினாக்களைப் போதியளவு எழுப்பினோமல்லோம். இவ்வினாக்களை எழுப்புவதற்குப் பழகிப்போன சோழர் அரண்மனையை விட்டுச் சற்றுத் தொலைவிலுள்ள வேறோர் அரண்மனையை நோக்குதல் பயனுடைத்து. தன்னினப் பெருமிதம் குறுக்கிடாத இடத்திற் பார்வை தெளிவாயிருக்கும்.

நாம் எடுத்துக்கொள்ளும் நூல் பேர்ள் பக் 1956 இல் வெளியிட்ட 'இம்பீரியல் வுமன்' என்னும் நாவலாகும். இக்கட்டுரையில் அதனைப் 'பேரரசி' எனக் குறிப்பிடுவோம். மேற்கு வேர்ஜீனியாவில் 1892 இற் பிறந்த பேர்ள் பக், சில மாதக் குழந்தையாயிருக்கையிலேயே மிஷனரிமாரான பெற்றோருடன் சீனாவுக்குச் சென்று, யாங்சி நதிக்கரை நகரான ஜென்ஜியாங்கில் வளர்ந்தவர். 1931 இல் வெளிவந்த 'நல்ல நிலம்' அவருக்குப் புலிட்சர் பரிசையும், அதனையடுத்துவந்த ஆக்கங்களும் சேர்ந்து 1938 இல் நோபல் பரிசையும் ஈட்டிக்கொடுத்தன. 'நல்ல நிலம்' வெளிவந்து கால் நூற்றாண்டு கழிந்தபின் எழுதப்பட்டது 'பேரரசி'. உழவனின் மண்குடிசையிலிருந்து அரசியின் அந்தப்புரத்துக்கு ஓர் எழுத்தாளர் சென்று சேர்ந்த இந்தப் பயணமே நமது அக்கறைக்குரியது.

நாவலின் கதைத்தலைவி சீனாவின் கடைசி அரசவமிசமாகிய சிங் வமிசத்தை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் திரைமறைவிலிருந்து ஆண்ட ட்சு ஷி (1835 - 1908). மஞ்சுக் குடும்பமொன்றின் பெண்ணாகிய இவள் 1852 இல் சியென் ஃபெங் பேரரசனின் அந்தப்புரத்திற் கீழ்நிலைத் துணைவியாகச் சேர்க்கப்பட்டாள். 1856 இல் அரசனுக்கு வாரிசைப் பெற்றுக் கொடுத்தாள். 1861 இல் அரசன் இறந்தபின் சு ஷுன் முதலிய ஆட்சிப் பொறுப்பாளரைச் சதியால் வீழ்த்தி அதிகாரத்தைக் கைப்பற்றினாள். நாவலின் பகுதிகள் ஒவ்வொன்றும் அவள் வெவ்வேறு காலங்களிற் பெற்ற பெயர்களாலும் பட்டங்களாலும் தலைப்பிடப்பட்டுள்ளன. யெஹொனாலா என்ற குலப்பெயரில் தொடங்கிக் கிழப்புத்தர் என்ற செல்லப் பட்டத்தில் முடியும் இத்தலைப்புக்களே நூலின் வரலாற்று நோக்கை ஒருவாறு உணர்த்திவிடுகின்றன. ஒரு தேசத்தின் அரை நூற்றாண்டு, ஒருத்தியின் பதவியுயர்வாக ஒழுங்கு செய்யப்பட்டிருக்கின்றது.

இதற்குள் ஊடுபாவாக ஓடுவது காதல். ஜுங் லூ என்னும் அரண்மனைக் காவற்படைத் தலைவன் அவளது உறவினன். சிறுவயதில் அவளுக்கென்று நிச்சயிக்கப்பட்டவன். அரண்மனை அவர்களைப் பிரிக்கின்றது. எனினும் அவள் பெற்ற வாரிசின் உண்மைத் தந்தை அவனே என்று வாசகர் ஊகிக்குமாறு நாவல் அமைந்துள்ளது. பின்னர் அவதூறுகளை அடக்குதற்பொருட்டுத் தன் சேடியருள் ஒருத்தியையே அவனுக்கு மணமுடித்து வைக்கின்றாள். அவளுடைய அரசியல் முடிவுகள் ஒவ்வொன்றின் பின்னாலும் இந்த நிறைவேறாத காதலின் நிழல் வீழ்த்தப்பட்டுள்ளது. அவள் கொடியவளாயிருந்தால், அவளுக்கு அன்பு மறுக்கப்பட்டமையே காரணம். அவள் தனிமையுற்றிருந்தால், சிம்மாசனத்துக்காக அவள் இதயத்தை விலையாகக் கொடுத்தமையே காரணம்.

இங்கு நாம் வினவ வேண்டியது ஜுங் லூ கதை உண்மையா பொய்யா என்பதன்று. அது வதந்தி, அரண்மனை பற்றி மேனாட்டார் எழுதிய நூல்களினூடாகப் பரவிய வதந்தி. நாவலாசிரியர் வதந்தியை எடுத்தாளக் கூடாதென்று சட்டமில்லை. வினா வேறு. அந்த வதந்தியைத் தெரிந்தெடுத்ததால் எந்த உண்மை கைநழுவிப் போயிற்று?

மஞ்சுக் குலப்பெண்கள் அரண்மனைக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட முறையை நோக்குவோம். எட்டுக் கொடிப்படைகள் என வழங்கிய இராணுவ - சமூக அமைப்பைச் சேர்ந்த குடும்பங்களின் பெண்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை தலைநகருக்கு அழைக்கப்பட்டனர். பெரும்பாலும் பதின்மூன்று வயது தொடக்கம் பதினேழு வயது வரையினர். இதனை நடத்தியது அந்தப்புரமன்று, வருவாய்த் திணைக்களம் என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. குதிரையும் தானியமும் எண்ணப்பட்ட கணக்கேட்டு மரபிலேயே பெண்களும் எண்ணப்பட்டனர். அரசனோ அரச குடும்பத்தினரோ வேண்டாமென்று விடும்வரை அப்பெண்களை வேறெவருக்கும் மணமுடித்துக் கொடுத்தல் குற்றம். குற்றஞ் செய்த குடும்பத் தலைவர் மட்டுமன்றி அவர்களின் மேலதிகாரிகளும் தண்டனைக்குரியர். ஆளும் சிறுபான்மை இனமொன்று தன் இரத்த உறவுகளையும் விசுவாசத்தையும் கட்டிக்காப்பதற்குக் கையாண்ட அரசியற் கருவி இது.

இந்த உண்மையை உள்ளபடி எடுத்துக்கொண்டால் ஜுங் லூவின் தேவையே இல்லாமற் போகின்றது. காதலன் ஒருவன் இருந்து அவனிடமிருந்து பறிக்கப்பட்டாலொழிய ஒரு பெண்ணின் துயரம் துயரமாகாது என்று கருதுவது காதற்கதையின் இலக்கணம். பெண்ணின் உடலும் எதிர்காலமும் பிறந்த நாளிலிருந்தே ஏட்டிற் பதியப்பட்டிருந்த அமைப்பில், காதலிப்பதற்கே இடமில்லாதிருந்தமையன்றோ பெருந்துயரம்! மூன்றாண்டுக்கு ஒருமுறை தெரிவுக்கு வந்து, பார்வையிடப்பட்டு, வேண்டாமெனத் திருப்பியனுப்பப்பட்ட முகந்தெரியாப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருத்தியின் கதையை எழுதியிருந்தாற்கூட நமக்கு வரலாறு கிடைத்திருக்கும். பேர்ள் பக் தெரிவு நாளை அழகுற வருணிக்கின்றார். உடைகள், நடைகள், அண்ணகரின் குரல், காத்திருக்கும் பெண்களின் பதற்றம் யாவும் கண்முன் நிற்கின்றன. ஆனால் அந்த நாள் கதைத்தலைவியின் வெற்றிக்கு முன்னுரையாக மட்டுமே நிற்கின்றது.

ஜோர்ஜ் லூகாச் தமது 'வரலாற்று நாவல்' என்னும் நூலில் வோல்ற்றர் ஸ்கொற்றை முன்வைத்துக் கூறியதை இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். 1937 அளவில் எழுதப்பட்ட அந்நூல் ஆங்கிலத்தில் 1962 இல் வெளிவந்தபின் நமது விமரிசகரிடையேயும் பரவலாகப் பேசப்பட்டது. ஸ்கொற்றின் நாவல்களிற் பெரும் வரலாற்று மாந்தர் துணைப் பாத்திரங்களாகவே வருகின்றனர். நடுவில் நிற்பவன் இரு தரப்பினரோடும் உறவுள்ள சாதாரணன். அவனூடாகச் சமூக சக்திகளின் மோதல் புலப்பட, தலைவன் தேவைப்படும் தருணத்தில் மட்டும் மேடைக்கு வருகின்றான். தலைவனையே நடுவிலிருத்தி எழுதும்போது, சமூகச் சக்திகள் அவனது மனநிலைகளாகச் சுருங்கிவிடும் அபாயம் உண்டு. 'பேரரசி' இவ்வபாயத்துக்குத் தக்க உதாரணம். தைப்பிங் கிளர்ச்சி அவளுடைய கவலையாகின்றது. அபினி யுத்தம் அவளுடைய கோபமாகின்றது. 1898 ஆம் ஆண்டின் சீர்திருத்த முயற்சி அவளுடைய தாய்மைக்கு நேர்ந்த காயமாகின்றது.

தைப்பிங் கிளர்ச்சியைச் சிறிது விரித்து நோக்குவோம். யெஹொனாலா அரண்மனைப் படிகளில் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1853 இல், ஹுங் சியு சுவானின் தலைமையில் நான்கிங் நகரைக் கைப்பற்றிய உழவர் படை நிலப் பங்கீட்டுத் திட்டமொன்றை அறிவித்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு நிலம் என்பது அதன் விதிகளுள் ஒன்று. கால்கட்டும் வழக்கத்தையும் அவர்கள் தடைசெய்தனர். திட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றதென்பதும், சமத்துவம் பேசிய தலைவர்களே நான்கிங்கில் அந்தப்புரங்கள் வைத்துக்கொண்டனர் என்பதும் மறைக்கத் தக்கவையல்ல. ஆயினும் சீனப் பெண்ணின் விடுதலை பற்றிய வினா அந்நாளில் அரண்மனையிலன்றி வயல்வெளியிலேயே எழுந்தது. இரண்டு கோடி மக்கள் மாண்டதாகக் கணிக்கப்படும் அப்போராட்டம் நாவலில் அரண்மனைச் சாளரத்தினூடாகவே தெரிகின்றது. தூரத்துப் புகையாக, தூதுவன் கொணரும் செய்தியாக. 'வலிமைமிக்க பெண்' ஒருத்தியைப் போற்றும் நாவல், அவள் ஒடுக்கிய இயக்கத்திலிருந்த பெண்களைப் பாராது போகின்றது.

1860 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் வேறொரு வகையில் நம் கவனத்துக்குரியன. அவ்வாண்டு ஒக்ரோபரிற் பிரித்தானியத் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆணைப்படி பீக்கிங்கின் புறத்தேயிருந்த யுவான் மிங் யுவான் என்னும் கோடை மாளிகை எரியூட்டப்பட்டது. நாவலில் இது அரசியின் உள்ளம் எரிந்த நிகழ்ச்சி. மாளிகையை மீளக் கட்டுவதே அவளது வாழ்நாட் கனவாகின்றது. ஆனால் அந்தத் தீ எங்கிருந்து வந்தது? அவ்வாண்டு மே மாதத்தில் எல்ஜினும் பிரெஞ்சுத் தூதர் குரோவும் சீனா நோக்கிச் சென்ற 'மலபார்' என்னும் கப்பல் நமது காலித் துறைமுகத்திலேயே பாறையில் மோதி மூழ்கிற்று. தூதர்கள் தப்பினர், வேறு கப்பலேறிச் சென்றனர். அவர்களுடன் சீனாவிற் போரிட்ட படைகளுட் பஞ்சாப்பிலிருந்து சென்றனவும் இருந்தன. மதராஸ் மாகாணத்துச் சுரங்கவெட்டுப் படையினரும் இருந்தனர். போருக்கு மூலகாரணமான அபினியோ வங்காளத்திலும் மாளவத்திலும் விளைந்தது. கங்கைச் சமவெளியின் உழவன் நெல்லை விட்டுக் கசகசாச் செடி பயிரிட நிர்ப்பந்திக்கப்பட்டதும், காலியிலே கப்பல் கரி நிரப்பியதும், கூலிக்காகத் துப்பாக்கி ஏந்திய தென்னிந்தியன் தாக்கூக் கோட்டையின் அகழியில் நின்றதும், யுவான் மிங் யுவானின் பளிங்குத் தூண்கள் சரிந்ததும் ஒரே உலகச் சந்தையின் கதை. இதனை ஒரு பெண்ணின் கண்ணீராக மாற்றும்போது கண்ணீர் பொய்யாவதில்லை. ஆனால் எரித்தவன் காட்சியிலிருந்து நழுவிவிடுகின்றான். 'அந்நியன்' என்ற பொதுப்பெயர் மாத்திரம் எஞ்சுகின்றது.

இவ்வளவும் கூறியபின், நூலாசிரியரின் நோக்கத்துக்கு நீதி செய்யவேண்டிய கடமையும் நமக்குண்டு. ட்சு ஷியைக் காமவெறி பிடித்த இராட்சசியாகத் தீட்டிய ஏகாதிபத்தியப் பத்திரிகை மரபொன்று இருந்தது. அதன் உச்சம் பிளண்ட், பக்ஹவுஸ் ஆகிய இருவரும் 1910 இல் வெளியிட்ட நூல். அந்நூல் பெரிதும் நம்பியிருந்த 'சிங் ஷானின் நாட்குறிப்பு' போலியென்பது பின்னர் நிறுவப்பட்டது. பக்ஹவுஸ் எத்தகைய மோசடிக்காரர் என்பதை 1976 இல் வரலாற்றாசிரியர் ஹியூ ட்றெவர் ரோப்பர் அம்பலப்படுத்தினார். கீழைத்தேயத்தைக் கொள்ளையிட்டவர்கள், கொள்ளையை நியாயப்படுத்தக் கீழைத்தேயத்து அரசியை அசுத்தப்படுத்தினர். இதற்கெதிராக, சீனக் கிராமத்தவரும் சிறுநகரத்தவரும் அரசியை எவ்வாறு மதித்தனர் என்பதைத் தமது இளமை நினைவுகளிலிருந்து எடுத்துரைக்க முயல்வதாகப் பேர்ள் பக் முன்னுரையிற் குறிப்பிடுகின்றார். 1900 இல் பொக்சர் எழுச்சியின்போது அவருடைய குடும்பமே ஷங்ஹாய்க்குத் தப்பியோட வேண்டியிருந்தது. அத்தகைய குடும்பத்துப் பிள்ளை அரசியைப் பரிவோடு எழுதியமை சிறிய காரியமன்று. ஆயினும் அவதூறை மறுக்கப் புறப்பட்ட அவர், அந்த அவதூறு நூல்கள் வகுத்த சட்டகத்தையே தாமும் ஏற்றார். அவர்கள் அரசியின் படுக்கையறையிலே குற்றத்தைத் தேடினர். இவர் அங்கேயே குற்றமின்மையைத் தேடினார். வரலாற்றின் திறவுகோல் படுக்கையறையில் இருக்கின்றது என்பதில் இரு தரப்பினரும் ஒருமித்தனர்.

வரலாற்று ஜுங் லூவை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 1898 இல் தலைநகரைச் சூழ்ந்த வட மாகாணத்தின் ஆளுநராயும் படைப்பலத்தின் பெரும்பங்கைக் கையில் வைத்திருந்தவனாயும் விளங்கியவன் அவன். குவாங் சூ பேரரசனின் நூறுநாட் சீர்திருத்தம் செப்ரெம்பர் 21 இல் முறியடிக்கப்பட்டு, ஒரு வாரத்துக்குள் ரான் சு துங் உட்பட ஆறு சீர்திருத்தவாதிகள் தலை துண்டிக்கப்பட்டதற்கு அவனது படைகளே அரணாயிருந்தன. அவனுடைய மகள் இளவரசர் சுன்னுக்கு மனைவியாகி, கடைசிப் பேரரசன் பு யியைப் பெற்றாள். அதாவது, அரசிக்கும் அவனுக்கும் இடையிலிருந்தது நிலமானியப் பிரபுக்களின் உயர் குழாமொன்று தன் சலுகைகளைக் காப்பாற்றச் செய்துகொண்ட உடன்படிக்கை. நாவல் இவ்வுடன்படிக்கைக்கு 'விசுவாசமான அன்பு' என்று பெயர் சூட்டுகின்றது. வர்க்க நலன் காதலாக மாறுவேடம் பூணும் இடம் இதுவே.

'பேரரசி' வெளிவந்த ஆண்டையும் மறந்துவிடலாகாது. 1949 இற் சீனப் புரட்சி வெற்றிபெற்றபின், அமெரிக்க வாசகருக்குச் சீனா என்பது 'இழக்கப்பட்ட' நாடு. மஞ்சள் நிற ஓடுகளும் தாமரைத் தடாகங்களும் சேடியரின் பட்டாடைகளும் நிரம்பிய ஒரு சீனா அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பேர்ள் பக் தனிப்பட்ட முறையில் இனவெறியையும் கொலனியாதிக்கத்தையும் எதிர்த்தவர். அதற்காகத் தம் நாட்டு உளவுத்துறையின் சந்தேகத்துக்கும் ஆளானவர். நூலின் சமூகப் பயன் எழுத்தாளரின் நல்லெண்ணத்துக்குக் கட்டுப்பட்டதன்று என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இனி நம் பக்கத்துக் குறைகளுக்கு வருவோம். இதைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது.

1933 நவம்பரில் லூ சுன் தம் இளநண்பர் யாவ் கே என்பாருக்கு எழுதிய கடிதமொன்றிற் பேர்ள் பக்கைப் பற்றிக் கடுமையான கருத்தைக் கூறியுள்ளார். சீனாவிற் பிறந்து வளர்ந்ததுபோல் அவர் பெருமை கொண்டாலும் அவருடைய நிலைப்பாடு ஒரு மிஷனரிப் பெண்ணினது நிலைப்பாடே என்பதும், சீன வாழ்வின் மேற்பரப்பையே அவர் கண்டார் என்பதும் அதன் சாரம். சீனரின் காரியங்களைச் சீனரே எழுதினாற்றான் உண்மை புலப்படும் என்றும் லூ சுன் கருதினார். அக்கடிதத்தைப் பெற்ற யாவ் கே பின்னாளிற் சிங் அரண்மனையைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். அதனைத் தழுவி 1948 இல் ஹொங்கொங்கில் இயக்குநர் சு ஷி லின் எடுத்த திரைப்படம் குவாங் சூ பேரரசனுக்கும் அவனது துணைவி சென்னுக்கும் இடையிலான காதலையும், ட்சு ஷியின் கொடுமையையும், சீர்திருத்தத்தின் தோல்வியையும் சித்திரித்தது. சீனர் எழுதியதுதான், ஆனால் அதுவும் அரசவைக் காதற்கதையே. இனம் மாறினாலும் இலக்கிய வகையின் இலக்கணம் தன் வேலையைச் செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அந்தத் திரைப்படத்தின் பின்வரலாறு வேதனைக்குரியது. 1950 இற் சீனாவிற் காட்டப்பட்டுப் பின்னர் நிறுத்தப்பட்ட அப்படம், 1967 இற் கலாசாரப் புரட்சியின் நடுவே மீண்டும் தோண்டியெடுக்கப்பட்டது. சி பென் யூ என்பார் 'செங்கொடி' ஏட்டில் எழுதிய நீண்ட கட்டுரை, அப்படம் தேசபக்தி உடையதா தேசத்துரோகமானதா என்ற வினாவை எழுப்பி, அதனைத் தேசபக்தி உடையதெனக் கூறியதாக லியு ஷா சி மீது குற்றஞ்சாட்டியது. பேரரசனின் சீர்திருத்தத்தை உயர்த்திப் பொக்சர் மக்கள் எழுச்சியைத் தாழ்த்தியமை படத்தின் குறை என்பதில் நியாயமில்லாமலில்லை. நாமும் அவ்வாறே எழுதக்கூடும். ஆனால் அக்கட்டுரை ஒரு படத்தை ஆராய எழுதப்படவில்லை. ஒரு மனிதரை வீழ்த்த எழுதப்பட்டது. லியு 1969 இற் கைபூங் நகரிற் சிறைவைக்கப்பட்ட நிலையில் மாண்டார். 1980 இற்றான் அவருடைய பெயர் மீட்கப்பட்டது. அரசவைக் கதையைக் கண்டிக்கப் புகுந்த விமரிசனமே ஓர் அரசவைச் சதியின் கருவியாயிற்று.

1964 இல் இலங்கைப் பொதுவுடைமை இயக்கம் பிளவுற்றபின் பீக்கிங் நிலைப்பாட்டைச் சார்ந்து நின்ற தமிழ் எழுத்தாளர் பலர் அக்காலத்தில் இவற்றை எவ்விதத் தயக்கமுமின்றி ஏற்றனர். அவர்களிற் பலர் நமக்கு ஆசிரியர்களாயும் வழிகாட்டிகளாயும் இருந்தவர்கள். அவர்களது உழைப்பை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆனால் ஒரு நூலுக்கு முத்திரை குத்துவதும் அதனை ஆராய்வதும் ஒன்றல்ல என்ற பாடத்தை நாம் பிந்தியே கற்றோம். 1972 இற் பேர்ள் பக் தாம் வளர்ந்த நாட்டை இறுதியாக ஒருமுறை பார்க்க விரும்பியபோது, அவரது எழுத்துக்கள் சீன மக்களை இழிவுபடுத்தின என்று கூறி அனுமதி மறுக்கப்பட்டது. மறுவருடம் அவர் காலமானார். ஷங்ஹாயிற் பிறந்த எழுத்தாளர் அன்சி மின், பள்ளி மாணவியாயிருக்கையில் பேர்ள் பக்கை அவருடைய நூல் எதனையும் வாசிக்காமலே கண்டிக்கும்படி பணிக்கப்பட்டதைப் பின்னர் கூறியுள்ளார். அவரே 2004 இலும் 2007 இலும் ட்சு ஷியைப் பற்றி இரு நாவல்களை ஆங்கிலத்தில் எழுதினார். அவற்றில் அரசி தன் கதையைத் தானே கூறுகின்றாள். ஜுங் லூவின் மீதான காதலும் உண்டு. கண்டித்தவர்கள் கண்டிக்கப்பட்ட வகையையே மீண்டும் தழுவிக்கொண்ட இக்கதை, வாசிக்காமற் செய்த கண்டனத்தின் பலன் என்னவென்பதைக் காட்டுகின்றது. அண்மைக் காலத்தில், 2011 தொடக்கம், சீனத் தொலைக்காட்சியில் அந்தப்புரச் சூழ்ச்சிக் கதைகள் பெற்ற பெருஞ்செல்வாக்கைப் பற்றித் தனியே எழுதவேண்டும். அலுவலகப் போட்டியில் வாழும் நகர்ப்புற இளைஞர் அவற்றைப் பதவியுயர்வுக்கான கைந்நூலாகப் பார்த்தனர் என்பதை மட்டும் இங்குக் குறித்து அப்பாற் செல்வோம்.

அப்படியாயின், அரண்மனையைப் பற்றி வரலாற்றுண்மையோடு எழுதுதல் இயலாதா? இயலும் என்பதற்கு ஆதாரம் பேர்ள் பக்கிடமே உண்டு. லூ சுன்னின் கடுமையான தீர்ப்பை முற்றாக ஏற்க நாம் தயங்குவதும் இதனாலேயே.

'நல்ல நிலம்' நாவலில் ஓர் அரண்மனை இருக்கின்றது; ஹுவாங் குடும்பத்தின் பெரிய வீடு. உழவன் வாங் லுங் தன் மணப்பெண்ணை அங்கிருந்துதான் அழைத்து வருகின்றான். பஞ்சகாலத்திற் பெற்றோராற் பத்து வயதில் அவ்வீட்டுக்கு விற்கப்பட்ட ஓலான், அதன் அடுக்களை அடிமை. அபினிக் குழாயோடு சாய்ந்திருக்கும் பழைய எசமானியையும், அழகற்றவள் என்பதனாலேயே எசமானர்களின் இச்சையிலிருந்து தப்பிய அடிமைப் பெண்ணையும், சோற்றுக்கு முன் எழுந்து அடுப்பு மூட்டிய விடியற்காலைகளையும் நாம் ஓலானூடாகவே அறிகின்றோம். அவள் அதிகம் பேசாதவள். ஆனால் பஞ்சம் குடும்பத்தைத் தெற்கு நகரொன்றுக்குத் துரத்தி, அங்குச் செல்வர் மாளிகையைக் கூட்டம் சூறையாடும்போது, மணிகள் எங்கே ஒளித்துவைக்கப்பட்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரிகின்றது. பெரிய வீடொன்றிற் சுவரின் எந்தச் செங்கல் தளர்ந்திருக்கும் என்பதை அடிமை அறிவாள். அந்த மணிகளே வாங் லுங்கின் நிலமாகின்றன. அவள் தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு முத்துக்கள் மட்டுமே. செல்வனாகிய கணவன் பின்னொரு நாள் அவற்றையும் வாங்கித் தாமரை என்னும் தன் ஆசைநாயகிக்குக் கொடுக்கின்றான்.

இவ்விரு முத்துக்களுக்குள் அடங்கிய வரலாறு, 'பேரரசி'யின் பக்கங்கள் முழுவதிலும் சிதறிக்கிடக்கும் மரகதங்களிலும் பவளங்களிலும் இல்லை. ஏனெனில் இங்கே பொருள் கைமாறும் ஒவ்வொரு முறையும் ஓர் உற்பத்தி உறவு வெளிப்படுகின்றது. அடிமையின் அறிவு, கூட்டத்தின் பசி, உழவனின் நில ஆசை, புதுப்பணக்காரனின் காமம் யாவும் ஒரு முத்தின் பயணத்திற் கோக்கப்பட்டுள்ளன. வாங் லுங் ஈற்றில் அதே ஹுவாங் வீட்டிலே குடியேறுகின்றான். உழவன் பிரபுவாகின்றான், அமைப்பு மாறவில்லை. வமிசங்கள் வீழ்ந்தும் எழுந்தும் வந்த சீன வரலாற்றின் சுழற்சியை, அரசன் ஒருவனின் பெயரும் கூறாமல் இந்நாவல் உணர்த்திவிடுகின்றது. இதற்கு மேலாகப் புரட்சிகர நோக்கு இந்நாவலில் இல்லை. சுழற்சியை உடைக்கும் சக்தியை பேர்ள் பக் காணவில்லை. எனினும் காணப்பட்டது உண்மை.

ஓலான் அடுக்களையில் நின்றமையால் அரண்மனையைக் கண்டாள். 'பேரரசி'யில் அடுக்களை ஏறத்தாழ இல்லை. அரண்மனைப் பணிப்பெண்கள் ஆண்டுதோறும் அரச குடும்பத் திணைக்களத்தின் கீழிருந்த பரம்பரை அடிமைக் குடும்பங்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டனர். இருபத்தைந்து வயதளவிலேயே வீடு திரும்ப அனுமதிக்கப்பட்டனர். அவர்களது முழு இளமையும் அங்கே கழிந்தது. அண்ணகர்களோ பெரும்பாலும் பீக்கிங்கைச் சூழ்ந்த மாகாணத்தின் வறிய கிராமங்களிலிருந்து வந்தவர்கள். நாவலில் இவர்கள் சதிகாரர்களாகவும் கோள்மூட்டுபவராகவும் நகைப்புக்குரியவராகவும் வருகின்றனர். அன் தே ஹாய் போன்றோரின் பேராசை விரிவாகவே கூறப்படுகின்றது. பேராசை இருந்தது உண்மை. ஆனால் ஒரு தகப்பன் தன் மகனை எதற்காக அறுத்து அரண்மனைக்கு அனுப்பினான் என்ற வினாவே அங்கு எழுவதில்லை. 1876 முதல் 1879 வரை வட சீனாவை வாட்டிய பஞ்சத்தில் தொண்ணூறு இலட்சம் முதல் ஒரு கோடியே முப்பது இலட்சம் வரையானோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. 1901 ஆம் ஆண்டின் உடன்படிக்கையின்படி 45 கோடி வெள்ளித் தேல் நட்டஈட்டை 39 ஆண்டுகளிற் செலுத்தும் பாரம் ஈற்றில் உழவனின் முதுகிலேயே ஏற்றப்பட்டது. அரண்மனை வாயிலுக்கு இட்டுச்சென்ற பாதை இந்த வறுமையினூடாகவே சென்றது.

சீன அரசவையின் கடைசி அண்ணகர் எனப்படும் சுன் யாவ் ரிங் 1996 இற் காலமானார். ரியன்சின் நகருக்கருகே வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர். தன் ஊரவன் ஒருவன் அண்ணகனாகிச் செல்வனாய்த் திரும்பியதைக் கண்ட குடும்பம், எட்டு வயது மகனுக்கும் அதுவே வழியென்று முடிவு செய்தது. மருத்துவனுக்குக் கொடுக்கப் பணமில்லை. தந்தையே வீட்டிற் சவரக்கத்தியால் அதனைச் செய்தார். நடந்தது 1911 இல். பையனின் காயம் ஆறிச் சில மாதங்களுக்குள், 1912 பெப்ரவரியில், பேரரசன் முடிதுறந்த செய்தி கிராமத்துக்கு வந்து சேர்ந்தது.